ரீச்சரைக் கேளுங்கோ: வைர மோதிரத்தால் யன்னலில் எழுதியவர்

போன இதழில் ஒரு வாசகர், "வெளிநாட்டு எழுத்தாளர்களில் மனைவியை மதித்தவர் யார்?" என்று கேட்டிருந்தார். நான் அமெரிக்க எழுத்தாளர் நத்தானியேல் ஹோதோர்னின் பெயரைச் சொல்லி, "அவருடைய இளம் மனைவி சோபியா நல்ல ஓவியர், அது தனிக் கதை" என்று இரண்டு வரியில் முடித்துவிட்டேன். அந்தத் தனிக் கதையைக் கேட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. முப்பது வருடம் சித்திரம் படிப்பித்தவளிடம் ஒரு ஓவியக்காரியைப் பற்றிக் கேட்டால் விடுவேனா? இந்த முறை முழுக்க அவர்தான். சமையல் சந்தேகம் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுங்கோ.

கேள்வி: எங்கோ அமெரிக்காவில் இருந்த ஒரு பெண்ணைப் பற்றி நாங்கள் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் ரீச்சர்? இளம் மனைவி என்றீர்களே, எத்தனை வயது?
— உயர்தர வகுப்பு மாணவி, உடுவில்

உடுவிலில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா பிள்ளை? அமெரிக்க மிஷனின் முதல் ஆட்கள் ஆசியாவுக்குக் கப்பல் ஏறியது 1812 பெப்ரவரியில், மசாசுசெட்ஸ் மாநிலத்துச் சேலம் துறைமுகத்தில். (மாம்பழச் சேலம் இல்லை. இது மிளகு வாங்கச் சுமாத்திராவரை கப்பல் விட்ட சேலம்.) அந்த வழியில் பின்னால் வந்தவர்கள்தான் 1816இல் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் இறங்கினார்கள். 1824இல் உம்முடைய ஊரில் ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார். சோபியா பீபடி பிறந்தது அதே சேலத்தில், 1809 செப்டெம்பரில். முதல் கப்பல் புறப்பட்டபோது அவருக்கு இரண்டரை வயதுகூட நிரம்பவில்லை. எங்கள் பாட்டிமாருக்கு ஊசியும் வேதாகமமும் கையில் கொடுத்த அந்த அம்மாமார் எந்த மண்ணில் வளர்ந்தார்களோ, இவரும் அந்த மண்தான். அவர்கள் கடல் தாண்டினார்கள். இவர் கட்டிலில் படுத்திருந்தார். ஏன் என்று அடுத்த கேள்வியில் வரும்.

வயதைப் பற்றிக் கேட்டு என்னைப் பிடித்துவிட்டீர். "இளம் மனைவி" என்று கைபோன போக்கில் எழுதிவிட்டேன். 1842 யூலை 9ஆம் திகதி கலியாணம் நடந்தபோது சோபியாவுக்கு 32 வயது, மாப்பிள்ளைக்கு 38. எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் 32 வயதுப் பெண்ணை என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள் என்று உம்முடைய அம்மம்மாவிடம் கேளும். ஆனால் அவர் தன்னை இளசாகத்தான் நினைத்திருந்தார். நோய்க்காரியாக இருந்த பெண்ணுக்கு வாழ்க்கை அப்போதுதான் தொடங்கியது.

கேள்வி: சோபியாவுக்குத் தீராத தலையிடி இருந்ததாகக் கேள்விப்பட்டேன். பெரிய வீட்டுப் பெண்களின் சொகுசு வருத்தமா?
— ஓய்வுபெற்ற தாதி, மானிப்பாய்

பெரிய வீடு ஒன்றுமில்லை. தகப்பன் பல்வைத்தியர், வருமானம் மட்டுமட்டு. தாயும் மூத்த சகோதரி எலிசபெத்தும் பள்ளிக்கூடம் வைத்து வீட்டைக் கொண்டிழுத்தார்கள். பல் முளைக்கும் வயதில் குழந்தைக்குப் பாதரச மருந்து கொடுத்தார்கள். தலையிடிக்கு அதுதான் காரணம் என்று வீட்டுக்காரரே நம்பினார்கள். அந்த நாளில் பாதரசம் சர்வரோக நிவாரணி. நீங்கள் மானிப்பாய்க்காரர், டொக்டர் கிறீன் உங்கள் ஊரில் தமிழில் வைத்தியம் படிப்பித்த காலத்தை நினைத்துப் பாருங்கோ. அதற்கும் ஒரு தலைமுறைக்கு முந்திய வைத்தியம் இது.

கரண்டி தட்டில் படும் சத்தமே சோபியாவுக்கு ஆகாது. எனக்கும் ஒற்றைத் தலையிடி இருக்கிறது. படலையில் ஐஸ்கிரீம் வான் பாட்டுப் போட்டால் தலையணையால் காதைப் பொத்திக்கொள்வேன். அதனால் சொகுசு வருத்தம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒன்று: வருத்தக்காரி என்றபடியால் வீட்டு வேலையில் இருந்து அவருக்கு விடுதலை கிடைத்தது. படுத்தபடியே இலத்தீன், பிரெஞ்சு, இத்தாலியன் என்று படித்தார், படம் கீறினார். சுகதேகியாக இருந்திருந்தால் சகோதரிமாரைப் போல ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிக் கொடுத்தே காலம் போயிருக்கும்.

1833 டிசெம்பரில் சுகத்துக்காகக் கியூபாவுக்கு அனுப்பினார்கள். நடு அக்கா மேரி அங்கே ஒரு கோப்பித் தோட்டத்து வீட்டில் பிள்ளைகளுக்கு ஆசிரியை. இவர் குதிரை ஏறினார், தோட்டக்காரரின் பிள்ளைகளுக்குச் சித்திரம் பழக்கினார், ஒன்றேகால் வருடத்துக்கு மேல் வீட்டுக்குக் கடிதம் எழுதித் தள்ளினார். தாய் அவற்றைச் சேர்த்து மூன்று தொகுதியாகக் கட்டிவைக்க, அது சேலத்தில் கைமாறிக் கைமாறி வாசிக்கப்பட்டது. பூ, நிலவு, வானத்தின் நிறம் எல்லாம் அதில் இருக்கிறது. கோப்பி பறித்தவர்கள் அடிமைகள். அதைப் பார்த்து மேரி உடைந்துபோனார், பின்னாளில் அதை வைத்து ஒரு நாவலே எழுதினார். சோபியா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குப் பிடித்தவர் என்பதற்காக இதை மறைக்க மாட்டேன். நிறத்தை அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த கண்ணுக்கு அது மட்டும் தெரியாமல் போகுமா? பார்க்க விரும்பவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: அவர் பெரும்பாலும் மற்றவர்களின் ஓவியங்களைப் பார்த்துத்தான் வரைந்தாராமே? கொப்பியடித்தவரை ஓவியர் என்று சொல்லலாமா?
— விளம்பரப் பலகை வரைபவர், திருநெல்வேலி

தம்பி, நீங்களே இதைக் கேட்கிறீர்களா!

அன்றைய பொஸ்டனில் ஐரோப்பிய ஓவியங்களைப் போய்ப் பார்க்க வசதி குறைவு. ஒரு நல்ல படம் ஊருக்கு வந்தால் அதைப் பார்த்து வரைவது படிப்பு, அதை விற்பது பிழைப்பு. சோபியா அப்போதைய பெரிய ஓவியர் வாஷிங்டன் ஆல்ஸ்டனின் படங்களைப் பார்த்து வரைந்து விற்றார். பெண்பிள்ளை கையால் வரைந்து காசு பெறுவது அங்கேயும் அன்று சாதாரணம் இல்லை.

பார்த்து வரைவது என்றால் என்ன என்று வரைந்தவர்களுக்குத்தான் தெரியும். என் முதல் வாத்தியார் ஒரு கலண்டர்ச் சரஸ்வதியைத் தந்து, "வீணையின் கீழ் விழும் நிழலை மட்டும் வரைந்துகொண்டு வா" என்றார். மூன்று நாள் போனது. நிழல் கறுப்பு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதில் நாவல்பழ நிறம் இருந்தது, சேலையின் வெள்ளை பட்ட இடத்தில் ஒரு பச்சை இருந்தது. வெறுமனே பார்த்தபோது அதெல்லாம் என் கண்ணில் படவே இல்லை. கை போன பிறகுதான் கண் போகும்.

கியூபாவில் சோபியா அழுக்கேறிக் கறுத்துப்போன ஒரு பழைய படத்தை மெல்லமெல்லத் துடைத்து மீட்ட கதை ஒன்று உண்டு. கடிதத்தில் அதை எழுதியிருந்தார். அந்தக் கடிதங்களை வாங்கிப் படித்த ஹோதோர்ன் தன் குறிப்புப் புத்தகத்தில் சில பகுதிகளைப் பார்த்து எழுதிவைத்தார். அப்புறம் 1838இல் வந்த அவருடைய கதை ஒன்றில், ஆலிஸ் வேன் என்ற ஓவியப் பெண் கறுத்த படம் ஒன்றைத் துலக்கி உள்ளே இருந்த முகத்தை வெளியே கொண்டுவருகிறாள். இப்போது சொல்லுங்கோ, யார் யாரைக் கொப்பியடித்தது?

சொந்தமாகவும் செய்தார். 1839இல் ஹோதோர்னின் ஒரு கதை தனி நூலாக வந்தபோது அதன் முகப்புப் படம் இவர் வரைந்தது. அமெரிக்கச் சிந்தனையாளர் எமர்சனின் இறந்துபோன தம்பி சார்ள்ஸின் முகத்தை நினைவில் இருந்தே புடைப்பாகச் செய்து கொடுத்தார். கண்ணும் காதும் இல்லாமலே படித்த லோரா பிறிட்ஜ்மன் என்ற சிறுமிக்கு மார்பளவுச் சிலை செய்தார். சீதனம் கொடுக்க வசதியில்லாத வீடு என்பதால், கலியாண வீட்டுத் தளபாடங்களை மலிவாக வாங்கித் தானே சித்திரம் தீட்டினார். கட்டிலின் தலைப்பலகையில் இத்தாலிய ஓவியர் கீதோ ரேனியின் விடியற்காலைத் தேவதை. விடியும்போது தலைமாட்டில் விடியல்!

கேள்வி: எப்படிச் சந்தித்தார்கள்? காதல் கலியாணமா, பேசிச் செய்ததா?
— பெயர் வேண்டாம், கோண்டாவில்

காதல்தான். 1837இல் ஹோதோர்ன் பீபடி வீட்டுக்கு வந்தபோது சோபியா மாடியில் படுத்திருந்தார். எலிசபெத் அக்கா ஓடிப்போய், "எழும்பி வா, வந்திருக்கிறவர் பைரன் பிரபுவை விட வடிவு" என்றாராம். "ஒருதரம் வந்தவர் இன்னொருதரமும் வருவார்தானே" என்று சோபியா சிரித்துக்கொண்டு படுத்துவிட்டார். வந்தார். எலிசபெத்துக்கே அவரில் ஒரு கண் என்றும் ஊரில் கதை இருந்தது. அதற்குள் நான் போகவில்லை, நீங்களும் பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

மூன்று வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். அவர் பொஸ்டன் சுங்கத்தில் உப்பும் நிலக்கரியும் நிறுத்துக்கொண்டிருந்த நாளில், இவர் இத்தாலியின் கோமோ ஏரியை இரண்டு படமாக வரைந்து பரிசாகக் கொடுத்தார். இத்தாலிப் பக்கமே போகாமல் வரைந்த இத்தாலி. 1858இல்தான் நிஜமாகவே அந்த நாட்டில் கால் வைத்தார்.

கேள்வி: மனைவியை மதித்தவர் என்று எழுதினீர்கள். ஆனால் எழுதும் பெண்களைத் திட்டியவரும் ஹோதோர்ன்தானே? உங்கள் பதிலை மாற்றிக்கொள்வீர்களா?
— நூலகர், நல்லூர்

மாற்ற மாட்டேன், ஆனால் கொஞ்சம் கலங்கிப்போய்த்தான் இருக்கிறேன்.

நீங்கள் சொல்வது 1855இல் லிவர்பூலில் இருந்து பதிப்பாளருக்கு எழுதிய கடிதம். "கிறுக்கித் தள்ளும் பெண்களின் பாழாய்ப்போன கும்பல்" நாட்டைப் பிடித்துவிட்டது, தன் புத்தகம் விற்கவில்லை என்ற வயிற்றெரிச்சல். சரி, எழுத்தாளருக்கு வயிற்றெரிச்சல் சகஜம். என்னைக் குத்துவது வேறொன்று. சோபியாவின் பயணக் குறிப்புகளைப் பத்திரிகையில் போடக் கேட்டார்கள். நன்றாக எழுதுவார் என்று ஒப்புக்கொண்டே, பெண் எழுத்தாளர் பட்டியலில் அவருடைய பெயர் வருவதை நாங்கள் இருவருமே விரும்ப மாட்டோம் என்று கணவர் பதில் எழுதினார். "இருவருமே." அந்தச் சொல்லில் பொய் இல்லை என்பதுதான் சங்கடம். சோபியாவும் மறுத்தார். கதவைச் சாத்தியது ஒரு கை இல்லை, இரண்டு கை.

வீட்டுக்குள் எழுதுவதற்குத் தடை இல்லை. கலியாணமான கையோடு கொன்கோர்ட் ஊரில் ஒரு பழைய போதகர் வீட்டில் வாடகைக்குக் குடியேறினார்கள். அவர்களுக்காக மரக்கறித் தோட்டம் போட்டுவைத்தது எழுத்தாளர் தோரோ. அங்கே கணவனும் மனைவியும் ஒரே நாட்குறிப்பில் மாறி மாறி எழுதினார்கள். அது போதாமல் யன்னலிலும் எழுதினார்கள். சோபியாவின் வைர மோதிரத்தால் மேல்மாடி வாசிப்பறைக் கண்ணாடியில் கீறினார்கள். இன்றும் போனால் பார்க்கலாம்.

அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். மனிதருக்கு விபத்து என்று படுவது கடவுளுக்கு நோக்கமாக இருக்கும் என்ற பொருளில் ஒரு வரி, கீழே சோபியாவின் பெயர், 1843. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் உறைபனியில் வழுக்கி விழுந்து வயிற்றில் இருந்த முதல் குழந்தை போயிருந்தது. பிறகு, மிகச் சிறிய கிளையும் வானத்தின் மேல் தெளிவாகத் தெரிகிறது என்று ஒரு வரி. அது மனைவி சொல்ல, அவருடைய வைரத்தால் கணவன் எழுதியது என்று கண்ணாடியிலேயே குறித்திருக்கிறார்கள். நாள் ஏப்ரல் 3, பொன் வெயில் நேரம். ஓவியக்காரிக்குத்தான் அப்படி ஒரு வரி வரும். முற்றத்து முருங்கையை மாலையில் பார்த்துவிட்டு என்னோடு சண்டைக்கு வாருங்கோ.

வேறொரு யன்னலில் 1845 ஜனவரி 22. பத்து மாதக் குழந்தை யூனாவை யன்னல் விளிம்பில் நிற்க வைத்திருக்கிறார். வெளியே மரமெல்லாம் பனி உறைந்து கண்ணாடிச் சரவிளக்குப் போல நின்றதாம், பிள்ளைக்கு அது நல்லாய்ப் பிடித்ததாம். அதைத் தாய் அப்படியே கண்ணாடியில் கீறிவைத்தார். பிள்ளை ஒரு கை, மோதிரம் ஒரு கை என்று எப்படி எழுதினாரோ! அந்த வருடமே வாடகை கொடுக்க முடியாமல் வீட்டை விட்டார்கள். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டா போக முடியும்? தங்கிவிட்டது.

கடிதங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1853இல் இங்கிலாந்துக்குத் தூதரக வேலைக்குப் புறப்படுமுன், சோபியா கலியாணத்துக்கு முன் எழுதிய நூற்றுக்கணக்கான கடிதங்களை ஹோதோர்ன் எரித்தார். தானே அதைக் குறித்தும் வைத்தார். அவர் எழுதியவை சோபியாவிடம் பத்திரமாக இருந்தன. ஆகவே அந்தக் காதலில் இன்றைக்கு நமக்குக் கேட்பது ஆண்குரல் மட்டும்தான்.

கேள்வி: எழுத்தாளரைக் கட்டினால் பட்டினிதான் என்பது அங்கேயும் உண்மையா?
— எழுத்தாளர் ஒருவரின் மனைவி, கரவெட்டி

உங்கள் கடிதத்தின் மீதியை நான் போடவில்லை, அவர் வாசிப்பார்.

1849இல் ஹோதோர்னின் சுங்க வேலை போனது. ஆட்சி மாறினால் உத்தியோகமும் மாறுகிற வழக்கம், எங்களுக்கும் புதிதில்லை. இடிந்துபோய் வீட்டுக்கு வந்தவரிடம், "நல்லது, இனிப் புத்தகம் எழுதலாம்" என்று சொன்ன சோபியா, வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த காசை மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார் என்று மகன் ஜூலியன் எழுதியிருக்கிறார். மகன் எழுதினால் கொஞ்சம் சீனி தூவியிருப்பார். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் சோபியா விளக்குக் கூடுகளுக்கும் கணப்புத் தட்டிகளுக்கும் சித்திரம் தீட்டி விற்றார். ஆல்ஸ்டனை வரைந்த கை, விளக்குக் கூடு வரைந்தது.

அப்போது எழுதப்பட்டதுதான் 1850இல் வந்த 'த ஸ்கார்லெட் லெட்டர்' நாவல். முடிவை மனைவிக்கு வாசித்துக் காட்டினார். சோபியா நெஞ்சுடைந்து தலையிடியோடு படுக்கைக்குப் போனார். அது தனக்குப் பெரிய வெற்றி என்று மறுநாள் நண்பருக்கு எழுதினார் ஹோதோர்ன். எழுத்தாளர் சாதியைப் பாருங்கோ! முதல் பதிப்பு 2,500 பிரதியும் பத்து நாளில் போனது.

கேள்வி: கணவர் இறந்தபின் அவருடைய குறிப்பேடுகளில் சோபியா கைவைத்தார் என்று குற்றம் சொல்கிறார்களே?
— பல்கலைக்கழக மாணவர், கொக்குவில்

வைத்தார். 1864இல் ஹோதோர்ன் போன பிறகு மூன்று பிள்ளைகள், கையில் போதிய காசு இல்லை. 1868இல் தொடங்கி அவருடைய குறிப்பேடுகளை அச்சுக்குக் கொடுத்தார். கொடுக்குமுன் குடி, சுருட்டு, உடம்பு சம்பந்தமான சொற்களை மாற்றினார், மையால் பூசினார், சில இடத்தில் கத்தரிக்கோலும் போட்டார். இருவரும் சேர்ந்து எழுதிய நாட்குறிப்பில் தன்னுடைய பக்கங்களை அச்சுக்குக் கொடுக்கவில்லை. 1932இல் ஒரு ஆய்வாளர் மூலப்பிரதியோடு ஒப்பிட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்தபோது சோபியாவுக்கு நல்ல திட்டு விழுந்தது.

எனக்கு அது பிழை என்றுதான் படுகிறது. கறுத்த படத்தைத் துடைத்த கை, துலக்கமான படத்தில் கறுப்புப் பூசியிருக்கக் கூடாது. ஆனால் திட்டுகிறவர்கள் அந்தக் குறிப்பேடுகள் அச்சேறியதே அவரால்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாரதியார் போனபின் செல்லம்மா கடனும் கண்ணீருமாக நூல்களை அச்சிடப் பட்ட பாடு நமக்குத் தெரியாததா?

1869இல், அறுபதாவது வயதில், தன்னுடைய இங்கிலாந்து, இத்தாலிப் பயணக் குறிப்புகளைச் சோபியா தன் பெயரிலேயே நூலாக்கினார். காசுக்காகத்தான். இரண்டு வருடத்தில் இலண்டனில் இறந்து அங்கேயே அடக்கமானார். 2006இல்தான் எலும்புகளைக் கொன்கோர்ட்டுக்குக் கொண்டுபோய்க் கணவரின் பக்கத்தில் வைத்தார்கள்.

கேள்வி: எல்லோருடைய படத்தையும் பற்றிக் கதைக்கிறீர்கள். உங்கள் படங்களை ஏன் கண்காட்சிக்கு வைப்பதில்லை?
— பழைய மாணவி, இணுவில்

இருந்தால் வைக்க மாட்டேனா? 1995 ஒக்டோபர் 30 இரவு போருக்குப் பயந்து ஊரோடு நாங்களும் வீட்டை விட்டு நடந்தபோது றங்குப் பெட்டியில் நாற்பதுக்கு மேல் படம் இருந்தது. அடுத்த வருடம் திரும்பி வந்தால் கூரை இல்லை, பெட்டியும் இல்லை.

ஒன்று தப்பியது. கலியாணமான புதிதில் எங்கள் சித்தப்பாவின் சைக்கிள் கடைக்குத் தகரத்தில் பெயர்ப்பலகை எழுதிக் கொடுத்தேன். ஓரத்தில் ஒரு மயில், கையெழுத்துப் போடவில்லை. ரீச்சர் கடைப்பலகை எழுதுவதா என்று வெட்கம். போன வருடம் பக்கத்து ஒழுங்கைக்குப் போனபோது ஒரு வீட்டு ஆட்டுக்கொட்டிலுக்குக் கூரையாக அது கிடக்கக் கண்டேன். எழுத்துப் பக்கம் கீழே பார்த்துக் கிடந்ததால் வெயில் படவில்லை, மயிலின் நீலம் போட்டபடியே இருக்கிறது. வீட்டுக்காரர் தரச் சம்மதம்தான், மாற்றுத் தகரம் கேட்கிறார். அடுத்த கிழமை வாங்கவேண்டும்.